மூன்று நாள் நீலம்

நாற்பது வயதுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிற நம்மில் பலருக்கும் ஒரு காலை நேரம் பொதுவாக ஞாபகம் இருக்கும். சீருடை போட்டு, தலை பின்னி, மடியில் துண்டு விரித்து இட்லி தின்றபடி தொலைக்காட்சியில் ராசிக்கல் நிகழ்ச்சி பார்த்த காலை. பத்து விரலில் எட்டு விரலுக்கு மோதிரம் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்து, இன்ன ராசிக்கு இன்ன கல், இன்ன கல்லுக்கு இன்ன பலன் என்று சொல்வார். கோபத்துக்கு ஒரு கல், பயத்துக்கு ஒரு கல், வயிற்றுப்புண்ணுக்கு ஒரு கல். விளம்பரம் ஓடும்போதே பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட வேண்டும். அவர் திரும்ப வந்துவிட்டால் அப்பா ஒலியைக் கூட்டுவார், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். புதுச்சேரியில் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். எங்களுக்கு அவர் மாடிவீட்டு சொல்தா.

கல் எங்கள் வீட்டுக்குள் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் அப்பாவுக்குப் பவளம். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே முப்பது பேரை விரட்டிவிட்டு வந்து, அதே குரலில் வீட்டில் உப்பு கேட்பார். பவளம் போட்டால் கோபம் தணியும் என்றார்கள். தணியவில்லை. கோபம் வரும்போது மேசையைத் தட்டுவார், மோதிரம் பட்டுச் சத்தம் முன்னைவிடக் கணீரென்று வந்தது. அம்மாவுக்கு மன அமைதிக்கு முத்து. மாவு பிசையும்போது அதைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு, பிறகு வீடு முழுக்கத் தேடுவாள். முத்து வந்த பிறகுதான் அம்மாவின் மன அமைதி அதிகம் கெட்டது. எனக்குக் கணக்கு வருவதற்காக ஒரு பச்சைக்கல் டாலர். அதைக் கடித்துக்கொண்டே கணக்குப் போட்டதில் முன்பல் ஓரம் சின்னதாக உடைந்தது. இன்றைக்கும் நாக்கை வைத்தால் தெரியும்.

கல் போடாமல் இருந்தது அத்தை மட்டும்தான். அத்தை அப்பாவின் தங்கை. வயது இருபத்தாறு. பி.காம். முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, அரசு குமாஸ்தா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை பின்னுவது, கதை சொல்வது, ஜுரம் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாம் அத்தைதான். ஆனால் அத்தைக்குத் தலைவலி இருந்தது. புத்தகத்தைத் திறந்து இருபது நிமிஷம் ஆனால் புருவத்துக்கு மேலே பிடிக்கும். கண்ணில் தண்ணீர் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு, தைலம் தடவி, ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். சில நாள் வாந்தியும் வரும். அந்த அறையில் எப்போதும் தைலமும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாசனை இருந்தது. அந்த வாசனை வந்தால் அன்று கதை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் எங்கள் கண்முன்னாலேயே நடந்திருக்கிறது. அத்தை செய்தித்தாளைக் கை நீள்கிற மட்டும் தள்ளிப் பிடித்துப் படிப்பாள். மகாராணி பேப்பர் படிக்கிறாள் என்று அப்பா கிண்டல் செய்வார். அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் முறத்தைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பாள். உடம்பு வணங்காதவள் என்று அம்மா முனகுவாள். ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுவாள். அதை நான் எனக்குக் கொடுத்த செல்லம் என்று எடுத்துக்கொண்டேன். தெருக்கோடியில் வருகிற பஸ்ஸின் எண்ணை எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறவளுக்குக் கண்ணில் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். அத்தைக்குச் சனி சரியில்லை, நீலம் போட வேண்டும். அம்மா நடுங்கிப்போனாள். மற்ற கல்லெல்லாம் ஒத்துக்கொண்டால் நல்லது செய்யும், இல்லையென்றால் சும்மா கிடக்கும். நீலம் அப்படியல்ல, ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அதற்கும் தொலைக்காட்சிக்காரர் வழி சொல்லியிருந்தார். மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். நல்லது நடந்தால் மோதிரம். கெட்டது நடந்தால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒரு சனிக்கிழமை மாலை நாலு பேரும் கல்கடைக்குப் போனோம். நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மரப்படி ஏறிப் போகிற சின்ன அறை. ஏ.சி. குளிரும் சந்தன ஊதுபத்தியும். கல்கடைக்காரர் மெல்லிய ஆள், குரலும் மெலிசு. வெள்ளைத் தாள் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுக்கியால் எடுத்து, மேசை விளக்குக்கு அடியில் வைத்தார். அந்த நீலம் மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை. மைப்புட்டியைக் கழுவும்போது கடைசியாக வருகிற தண்ணீரின் நிறம். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் உள்ளே ஏதோ அசைந்தது.

சுத்தமான கல்தானா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி அத்தையிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். அத்தை கல்லைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தன் உள்ளங்கைக்கு நகர்த்தினாள். ரேகை ரேகையாக, விரல் விரலாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நகத்தைப் பார்த்தாள். எங்களை மறந்துவிட்டாள்.

“கண்ணுக்கு எதமா இருக்குதுண்ணா” என்றாள்.

அப்பா அம்மாவைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். கல்லைப் பார்த்ததற்கே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார். கல்கடைக்காரர் அத்தையை ஒரு முறை பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்தார். கல்லைத் தாளில் மடித்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

மூன்று நாளும் என்ன நடக்கிறது என்று எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது. ரஃப் நோட்டில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் கெட்டது என்று தலைப்புப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. கெட்டது பக்கம் எழுதினேன். அப்பா அதை அடித்துவிட்டு, வண்டி கிளம்பாததால் வீட்டில் இருந்தேன், வீட்டில் இருந்ததால் கேஸ் சிலிண்டர்காரன் வந்தபோது வாங்க முடிந்தது, நல்லது பக்கம் எழுது என்றார். பால் பொங்கி வழிந்தது. அதுவும் நல்லது. அன்று மாலை மாடிவீட்டு சொல்தா கடைசி இரண்டு படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். இதையாவது கெட்டதில் எழுதலாமா என்று கேட்டேன். எழுந்து நின்ற சொல்தா காலை நீட்டி மடக்கிப் பார்த்து, ஆறு மாதமாகப் பிடித்திருந்த முட்டி விட்டுவிட்டது என்றார். எனக்கு எழுதுகிற வேலையே அலுத்துப்போயிற்று.

முக்கியமான விஷயம், அத்தைக்குத் தலை வலிக்கவில்லை. மூன்று நாளும் மனசை அலட்டிக்கொள்ளக்கூடாது என்று அப்பா பாடப் புத்தகங்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டிருந்தார். படிக்காததால் வலிக்கவில்லை என்பது அந்த வீட்டில் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அத்தை ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நாளும் கதை கிடைத்தது.

திங்கட்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். காலையில் அத்தை குளிக்கப் போயிருந்தபோது, தலையணைக்குக் கீழே இருந்த தாள் மடிப்பிலிருந்து கல்லை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். காலித் தாளை மடித்து அதே இடத்தில் வைத்தேன். வகுப்பில் காட்டத்தான். மதிய உணவு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். வெயிலில் பிடித்தால் சுவரில் நீலமாக ஒரு பொட்டு விழுந்தது. அந்தப் பொட்டை ஒவ்வொருத்தி நெற்றியிலும் வைத்தோம். அன்றைக்கு என்னைவிடப் பெரிய ஆள் அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. கடைசியாக வந்து பார்த்த ஒருத்திதான் கெடுத்தாள். நீலத்தைச் சொல்லாமல் எடுத்தால் அதற்குக் கோபம் வரும், யாருக்காக வாங்கியதோ அவர்களைத்தான் அடிக்கும் என்றாள். அவளுடைய பெரியப்பா வீட்டில் நடந்ததாம்.

மிச்ச நேரம் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு ஓடிவந்து கல்லைத் தாளுக்குள் வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். பிள்ளை பரீட்சைக்கு வேண்டிக்கொள்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

செவ்வாயும் நல்லபடியாகக் கழிந்தது. அப்பா ஜெயித்தவர் மாதிரி கல்லைக் கொண்டுபோய் வெள்ளியில் மோதிரம் கட்டி வாங்கி வந்தார். அடுத்த சனிக்கிழமை அத்தை அதை நடுவிரலில் போட்டுக்கொண்டாள். புத்தகங்கள் பரணிலிருந்து இறங்கின. ஞாயிறு காலை உட்கார்ந்து படித்தவள் பத்து மணிக்குள் வாளியைத் தேடி ஓடினாள். அப்படி ஒரு வாந்தியை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க ஜன்னல் சாத்தியே கிடந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்தது நான், அடி வாங்குவது அத்தை. யாரிடமும் சொல்லவும் தைரியம் இல்லை. அத்தையின் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். உள்ளே அவள் புரண்டு படுத்தால்கூட எனக்குக் கேட்டது.

மோதிரத்தைக் கடையில் காட்டிவிட்டு வரும்படி அப்பா சொன்னார். அவருக்குச் சனிக்கிழமை காலை ஷிப்ட். அத்தையும் நானும் ஆள் ஏற்றுகிற டெம்போவில் ஏறிப் போனோம். கல்கடைக்காரர் மோதிரத்தை வாங்கித் துடைத்தார். மூன்று நாளும் முறைப்படி வைத்திருந்தீர்களா, நடுவில் யாராவது எடுத்தீர்களா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அப்போது போலீஸ் கேட்டது மாதிரி இருந்தது. வெடித்து அழுதுவிட்டேன். ஜாமெட்ரி பாக்ஸ், வேப்பமரம், நீலப் பொட்டு எல்லாவற்றையும் விக்கிக்கொண்டே கொட்டினேன். அத்தைக்கு என்னால்தான் வலிக்கிறது, கல்லிடம் சொல்லி என்னை அடிக்கச் சொல்லுங்கள் என்றேன்.

கல்கடைக்காரர் எழுந்து வந்தார். தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் மேசை விளக்கை அணைப்பதும் போடுவதுமாக நின்றார்.

“பாப்பா, கல்லு யாரையும் அடிக்காது. அழாத” என்றவர் அத்தையைப் பார்த்தார். “அன்னைக்கே சொல்லிருக்கணும்மா. இங்க வர்றவங்க லென்ஸக் குடுத்தா கல்லப் பாப்பாங்க. நீ உன் கையப் பாத்த. உனக்குக் கிட்டப் பார்வ சரியில்ல. கண்ணாடி போட்டா வலி போயிடும். வாங்க வந்தவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்னு வாய மூடிக்கிட்டேன். புள்ள அழுவறதப் பாத்தா மனசு கேக்கல.”

அத்தை ஆச்சரியப்படவில்லை.

“எனக்கும் தெரியுங்க” என்றாள். “ரெண்டு வருஷத்துக்கு முன்ன டைப்பிங் மேடம் சொன்னாங்க. கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான், கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாரு அண்ணன். நானும் சரின்னுட்டேன். இந்தக் கல்லாவது எதுனா செய்யும்னு பாத்தேன்.”

அப்போது அவளுடைய முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டு, என் கண்ணைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, படியிறங்கினாள். டெம்போ நிற்கிற பக்கம் திரும்பவில்லை. கேட்டதற்கு, வீட்டுக்குப் போனால் மறுபடி யோசிக்கத் தோன்றும், நேராகப் போய்விடலாம் வா என்றாள்.

கண் டாக்டரின் அறை இருட்டாக இருந்தது. அத்தையின் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை டக் டக்கென்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிறகு ஒரு அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பொடி எழுத்து, அதற்கும் கீழே எறும்பு மாதிரி ஒரு வரி. அத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, கீழிருந்து மறுபடி ஆரம்பித்தாள். போதும்மா என்று டாக்டர் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை நாள் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படிப் படித்தாய் என்று கேட்டார். பழகிடுச்சுங்க என்றாள்.

புதன்கிழமை கண்ணாடி வந்தது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா மேசையைத் தட்டினார். யாரைக் கேட்டுப் போனாய் என்று கத்தினார். நாளைக்கே ஒருவன் பெண் பார்க்க வந்தால் என்ன சொல்வது என்றார். அத்தை அவருக்கு முன்னாலேயே பொது அறிவுப் புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். கையை நீட்டிப் பிடிக்காமல் அவள் படித்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தோம். சத்தம் கேட்டு மாடிவீட்டு சொல்தா பாதிப் படி இறங்கி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியை அவர் பிரெஞ்சில் லுனெத் என்பார்.

“பாரீஸ்ல பாதிப் பொண்ணுங்க லுனெத் போட்டுக்கினுதான் போவுதுங்க. இதுக்கு இன்னா சத்தம்? தங்கச்சிக்கு நல்லாத்தான் இருக்குது” என்றார்.

வீட்டுக்காரர் சொன்னால் அப்பா எதிர்த்துப் பேசமாட்டார். பாரீஸ் வேறு. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நீலம் வேலை செய்துவிட்டது, கல்கடைக்குப் போனதால்தானே கண் டாக்டரிடம் போனாள், கல் தன் வழியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது என்றார். எனக்கு அப்போதாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அந்த மூன்று நாளில் திங்கட்கிழமை கல் தலையணைக்குக் கீழே இல்லவே இல்லை, என்னோடு பள்ளிக்கூடத்தில் இருந்தது என்றேன். அப்பா வாயில் வைத்த சோற்றோடு என்னைப் பார்த்தார். அம்மா மெதுவாக, செவ்வாய்க்கிழமையும் இல்லை என்றாள். நாத்தனாருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, காலையிலேயே எடுத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, சாயங்காலம்தான் திரும்ப வைத்தாளாம். முதலில் அத்தைதான் சிரித்தாள். பிறகு அம்மா. அப்பா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றும்போது அவருடைய தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

பரீட்சையில் அந்த முறை அத்தைக்குக் கிடைக்கவில்லை. படிக்க ஒரு மாதம் போதவில்லை. அடுத்த முறை எழுதினாள், கிடைத்தது. லாஸ்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்து, சொந்தமாக ஸ்கூட்டி வாங்கி, என்னையும் பின்னால் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினாள். கல்யாணமும் ஆயிற்று. பெண் பார்க்க வந்த மாமா தனியாகப் பேசக் கிடைத்த ஐந்து நிமிஷத்தில் கேட்டது, பவர் எவ்வளவு என்பதுதானாம். மோதிரத்தை இன்னும் போட்டிருக்கிறாள். கேட்டால், அழகாக இருக்கிறது அதனால்தான் என்கிறாள். கல்கடைக்காரர் பிறகு என்ன ஆனார் என்று தெரியாது. அந்தச் சந்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். வாங்க வந்தவளிடம், உனக்கு வேண்டியது இங்கே இல்லை என்று சொல்ல அவருக்கு இரண்டு வாரம் ஆனது. சிறுமி ஒருத்தி அழுததற்காகவாவது சொன்னாரே என்று அவரை நான் நல்லபடியாகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி அந்தப் புதன்கிழமை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவருமாகப் போய்க் கண்ணாடியை வாங்கினோம். பழுப்பு நிறச் சட்டம். அத்தை அதைக் கடையிலேயே மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போனால் அப்பா இருப்பார் என்று இருவருக்குமே தெரியும். பீச் பக்கம் நடந்தோம். வெயில் இறங்கியிருந்தது. காற்றில் உப்பும், வறுத்த கடலை வாசனையும். சுவரில் ஏறி உட்கார்ந்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குக் கொடுத்தவள், அந்தத் தாளில் இருந்த பழைய கல்யாண விளம்பரங்களைப் படித்தாள். தன் ரவிக்கைத் துணியில் இருந்த பூவைப் பார்த்து, இது பூவா, நான் புள்ளி என்றல்லவா நினைத்தேன் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் முகவாயைப் பிடித்து, கிட்ட இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறந்த நாளிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவள். பதினோரு வருஷம் இதே தூரத்தில் உட்கார்ந்து எனக்குப் பொட்டு வைத்தவள்.

“ஏய்” என்றாள், “உன் புருவத்துக்குள்ள ஒரு மச்சம் இருக்குதுடி.”